நானூற்றுப் பதினேழுக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஆகிறது. உட்காருவேன், முதல் வரியிலேயே கை நின்றுவிடும். பத்தாவது வரைக்கும்தான் படித்தவள் நான். ஆனால் கை நின்றது படிப்பு போதாமல் இல்லை. எழுதினால் என் தம்பி ஏழுமலைக்கு நான் செய்ததை என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருஷம். இன்று கிருத்திகை. விளக்கேற்றி, மயிலம் முருகனை நினைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

நான் இருப்பது பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர் என்கிற ஊரில். என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர். அவர் தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. திண்டிவனத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டு இங்கே அழைத்து வந்தார். இங்கே எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. ஓட்டலில் இல்லை, புது மருந்து கண்டுபிடிக்கப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். யாரும் சமைக்காத, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாத கண்ணாடிக் குடுவைகளை நாள் முழுக்கக் கழுவுகிறேன். நம் ஊரில் கழுவிய சொம்பில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பார்க்க அழகாக இருக்கும். இங்கே ஒரு முத்து நின்றாலும் அழுக்கு என்று அர்த்தம். தண்ணீர் கண்ணாடிமேல் ஒரே படலமாக வழிய வேண்டும். கடைசியில் குடுவைமேல் பேனாவால் எழுதியிருக்கும் எண்ணை அசிட்டோன் விட்டுத் துடைத்துவிட வேண்டும். எண் போனால்தான் குடுவை அடுத்த மருந்துக்கு ஆகும்.

அந்த எண்களைப் போடுகிறவள் கிளேர். என் வயதுதான் இருக்கும். பெரிய படிப்புப் படித்தவள், ஆனால் குடுவையைக் கழுவும் இடம்வரை தானே எடுத்து வந்து கொடுத்து, "மெர்ஸி, மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் இத்தனை எண் எதற்கு என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். கணினிக்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். உடம்புக்குள் இருக்கும் ஒரு புரதம், அதில் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்காருகிற மூலக்கூறு ஒன்றைச் செய்ய வேண்டும். ஒன்றைச் செய்து பார்ப்பார்கள், இடிக்கும். ஒரு பக்கம் ஓர் அணுவை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள், லூசாக இருக்கும். மாற்றி மாற்றிச் செய்ததுதான் அத்தனை எண்களும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அளவு ஜாக்கெட் இல்லாமல், ஆளையும் பார்க்காமல், தைத்துத் தைத்துப் பிரிக்கிறார்கள். கையைத் தூக்கி, அக்குளில் பிடித்துக் காட்டி, "இங்கே அரை விரல் பிரிக்கணும்" என்று சைகை செய்தேன். கிளேர் சிரித்துவிட்டாள். தன் வேலையை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்றாள்.

எந்த நோய்க்கு என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, நுரையீரல் நார் கட்டி இறுகிப்போகிற நோய்க்கு என்றாள். நான் பிடித்திருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏழுமலைக்கு அதுதான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கிரஷரில் பன்னிரண்டு வருஷம் மிஷின் ஆப்பரேட்டராக இருந்தவன். தூசி உள்ளே படிந்து நுரையீரல் நார் கட்டிவிட்டது, இனிமேல் கல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விக்கிரவாண்டியில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பரிமாறப் போனான். கிரஷரில் நாலு பேருக்கு வேலை சொன்னவனுக்கு அங்கே சாம்பார் வாளி தூக்குவது பிடிக்கவில்லை. "லாரிக்காரன்லாம் டேய்ங்கிறான்க்கா" என்று சொல்லுவான்.

நானூற்றுப் பதினேழாவது எண் எலிகளிடம் நன்றாக வேலை செய்தது. கிளேர் எனக்கு அதைப் பொறுமையாகச் சொன்னாள். இது புதிதாக நார் கட்டுவதைத் தடுக்கும், ஏற்கெனவே கட்டியதைக் கரைக்காது. மனிதர்களிடம் வர இன்னும் பல வருஷம். பாதி வழியில் நின்றுபோவதுதான் அதிகம். மூன்றையும் கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் பேச ஆரம்பிக்கும் முன்னே இருமினான். எனக்குத் தாங்கவில்லை. எலிக்குச் சரியாகிவிட்டது, நெஞ்சில் கட்டியதைக் கரைத்துவிடுமாம் என்று சொல்லிவிட்டேன். கரைக்கும் என்று கிளேர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"எலிக்கே குடுத்துட்டாங்களா? அப்ப என்னியும் எலின்னு எழுதி ஒரு டோஸ் வாங்கி அனுப்புக்கா. கேட்டா கீச்சு கீச்சுன்னு கத்திக் காட்றேன்."

ரெண்டு பேரும் சிரித்தோம். அவன் மனைவி கலா மறு கிருத்திகைக்கு மயிலம் போய், அந்த மருந்துக்கு அர்ச்சனை செய்திருக்கிறாள். பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்களிடம் நானூத்திப் பதினேழு என்று சொன்னாளாம். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நட்சத்திரம் தெரியலன்னா சுவாமி பேருக்கே பண்ணிடலாம்மா" என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லித் தீபம் காட்டினாராம். கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கூடவே பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை அன்றைக்கே வெளியே சொல்லியிருக்க வேண்டும்.

ரெண்டு மாதத்தில் ஏழுமலை கிரஷருக்கே திரும்பிப் போய்விட்டான். ஏன்டா என்று கேட்டேன். "படிஞ்சத எல்லாம் உன் மருந்து கரைச்சிடப் போவுது. அதுவரைக்கும் வாளி தூக்கிக்கினு இருக்கணுமா?" என்றான். வேண்டாம் என்றேன். ஆனால் நான் சொன்னது பொய் என்று சொல்லவில்லை.

ஒரு காலை கிளேர் குடுவைகளை எப்போதும்போல் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். நானூற்றுப் பதினேழைக் காட்டி, "செ மோர்" என்றாள். செத்துவிட்டது என்று அர்த்தம். நுரையீரலுக்கென்று தைத்தது இதயத்திலும் ஓர் இடத்தில் பொருந்திவிட்டது. அங்கே உட்கார்ந்து துடிப்பைத் தடுமாற வைக்கிறது. மூன்று வருஷ உழைப்பு அவளுக்கு. கண் சிவந்திருந்தது. நானும் அழுதுவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து, கவலைப்படாதே, உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வரிசையில் இன்னும் நிறையக் குடுவை வரும் என்றாள். இல்லை, என் தம்பி என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. தலையை ஆட்டினேன். பிறகு அசிட்டோனை எடுத்து அந்த எண்ணைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவன் உயிரோடு இருந்தான். வாரா வாரம் பேசினோம். கடைசியாகப் பேசியபோது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அக்கா, நம்பரு எங்க வரைக்கும் வந்துருக்கு?"

"வந்துக்கினே இருக்குடா."

"ஜல்தியா வரச் சொல்லு."

முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கருமாதிக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. கலா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மருந்து வர்றதுக்குள்ள முருகன் கூப்ட்டுக்கினாரு அண்ணி. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது ஏழுமலையோடு வேலை செய்த மூன்று பேர் வந்து நின்றார்கள். அதில் துரை என்பவன் கும்பிட்டுவிட்டு, "அக்கா, அந்த மருந்து வந்துச்சின்னா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க மூணு பேருக்கும் இருமல்தான்" என்றான். ஊரில் அதற்குள், பிரான்சில் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அக்கா வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறது என்று ஆகியிருந்தது. அந்த மூன்று முகத்தையும் பார்த்து, பாக்கலாம்பா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். தம்பிக்குச் செய்ததையே அவர்களுக்கும் செய்தேன்.

போன வாரம் கலா பேசினாள். துரைக்கு இப்போது மாடிப்படி ஏற முடியவில்லையாம். கிரஷருக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறானாம். கேட்டால், அக்கா மருந்து வரும் என்கிறானாம். அவனுக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். மறுமுனையில் இருமல் கேட்டால் என் நாக்கு மறுபடி மாற்றிச் சொல்லிவிடும். எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கிளேர் இப்போது வேறு வரிசையில் இருக்கிறாள். புது எண்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் துடைக்கும்போது, இது யாருக்காகவோ எந்தக் கோயிலிலோ சொல்லப்பட்டிருக்குமோ என்று ஒரு விநாடி கை நிற்கிறது. முருகன் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி அவன் முன்னால் நிறுத்தியவள் நான். மயிலத்தில் தீபம் காட்டிய அதே எண்ணை இங்கே என் கையாலேயே துடைத்துக் குடுவையைக் கவிழ்த்தேன். ஒரு முத்துத் தண்ணீர்கூட அதில் நிற்கவில்லை. அங்கே நான் மருந்து அனுப்பாத அக்கா, இங்கே குடுவை கழுவுகிற மதாம். ரெண்டு பேருக்கும் நடுவில்தான் என் தம்பி போனான்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் கிரஷரில் இருக்கிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். துரையிடமும், கலாவிடமும். மருந்து வரவில்லை. வந்திருந்தாலும் படிந்ததைக் கரைத்திருக்காது. தூசியை விட்டு இன்றைக்கே வெளியே வாருங்கள். மருந்தை யாரோ ஒளித்து வைத்தார்கள் என்றும் சொல்லாதீர்கள். ஒருத்தி மூன்று வருஷம் முயன்றாள், முடியவில்லை, அவ்வளவுதான். ஆறுதலுக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். நான் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.