ஓரகத்தி கொடுத்த பால்

போர் முடிந்த மறு வருஷம். ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் காட்டுக்கு இழுத்துச் சென்ற நம் மலாயாத் தோட்டத்து ஜனங்கள் திரும்பி வந்து புண்ணும் காய்ச்சலுமாகக் கிடக்கிறார்கள், தமிழ் பேசும் நர்சுகள் மூன்று மாதம் போய்வர முடியுமா என்று மதுரையில் எங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கப்பல் என்றதும் ஒருத்திக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. இன்னொருத்திக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். நான் போகத் துடித்தேன். வெள்ளைக்கார டாக்டரிடம் வலியைச் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களை வார்டில் தினமும் பார்த்தவள் நான். ஆனால் என் மகளுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் தவிர எதைக் கொடுத்தாலும் துப்பினாள்.

"ஒன் இஷ்டம்" என்று கணவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிம்மக்கல்லில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எங்களுக்கு. மற்ற அடுப்பு கணவருடைய அண்ணன் மனைவிக்கு, என் ஓரகத்திக்கு. ஆட்டுக்கல்லை யார் கழுவுவது என்ற மகத்தான விவகாரத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. அவளே வந்து என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கினாள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு.

"இம்புட்டு யோசிக்க என்ன இருக்கு? ரெண்டுக்கும் எங்கிட்டப் பால் இருக்கு. போயிட்டு வா."

சொன்ன கையோடு உட்கார்ந்து பால் கொடுத்தாள். என் மகளும் சமர்த்தாகக் குடித்தாள். நன்றியும் பொறாமையும் சேர்ந்து வந்து எனக்கு அழுகையாகிவிட்டது.

கப்பலில் பால் கட்டி நெஞ்சு வலித்தது. பிழிந்து கடலில் ஊற்றினேன். போய் இறங்கிய தோட்டத்தில் ஒரு தாய் எங்கள் கண்ணெதிரே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிள்ளை பசியில் கத்தியது. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நான் புறப்படும்வரை அது என்னிடம்தான் குடித்தது.

திரும்பி வந்தபோது என் மகள் கொழுகொழுவென்று இருந்தாள். என்னிடம் வரமாட்டேன் என்று வீடே அதிர அழுதாள். அழட்டுமே, அழத் தெம்பிருக்கிறதே! வளர்த்தவள் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. சாயங்காலம் அவளிடம் அந்த அநாதைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

"இப்ப அத யாரு பாக்குறா?"

"பக்கத்து வீட்டம்மா. கஞ்சித்தண்ணி குடுத்துப் பழக்கிட்டு வந்தேங்க்கா."

ஓரகத்திக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

"அறிவிருக்காடி ஒனக்கு? கையோட தூக்கிட்டு வந்திருக்க வேண்டாமா? எனக்குத்தான் இன்னும் பால் இருக்கே!"