ஃப்ரிட்ஜ் மேல் இருந்த இரண்டு மூடிகள்

எனக்கு நீச்சல் தெரியாது. படகிலும் அதற்கு முன் ஏறியதில்லை. வைகையில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரி நான். அப்படிப்பட்டவள் போன கார்த்திகையில், வாடிப்பட்டி தாண்டி ஒரு கண்மாயின் நடுவில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஃபைபர் படகில் உட்கார்ந்திருந்தேன். படகு ஆடும்போதெல்லாம் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டினார்கள். காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மானம் மொத்தமும் அந்தப் படகில்தான் இருந்தது.

தம்பி நிலம் அளக்கிறவன். தூத்துக்குடிப் பக்கம் யாரோ கழித்துக்கட்டிய படகுக் கருவிகளை வாங்கி வந்திருந்தான். படகுக்கு அடியில் இருக்கும் கருவி ஆழத்தைச் சொல்லும். கம்பத்து உச்சியில் இருக்கும் ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும். இரண்டும் ஒரே ஒயர் வழியாகத் திரைக்கு வந்து சேர்ந்தால்தான் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று வரைபடம் கிடைக்கும்.

அந்தக் கண்மாய் அவன் மாமனார் ஊர்க் கண்மாய். மாமனார்தான் ஆயக்கட்டு விவசாயிகளுக்குத் தலைவர். தூர்வார ஆட்கள் வரப்போகிறார்கள், எங்கே தோண்டுவது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயிலுக்கு நேரே என்றார் மாமனார். இவன் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, வண்டல் அங்கே இல்லை, மூன்றாம் மடைப் பக்கம்தான் சேர்ந்து கிடக்கிறது, அதனால்தான் கடைக்கோடி வயல்கள் காய்கின்றன, படகு விட்டு அளந்தே காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டான். மூங்கில் கழியை விட்டுப் பார்த்தால் அங்கே ஓர் ஆள் ஆழத்துக்கு மேலேயே போகிறதே என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் மடை திறப்பு. திறந்து தண்ணீர் வடிந்துவிட்டால் அந்த மூலைக்குப் படகு போகாது. ஆக, அந்த ஒரு நாள்தான். அளக்க முடியாவிட்டால் தோண்டுவது தப்பான இடத்தில் நடக்கும். இவனும் மாமனார் வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

ஒயர் வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டான். சிம்மக்கல் மொத்தக் கடைகளில் பதினைந்து வருஷமாக கேமரா மாட்டுகிறவள் நான். தல்லாகுளத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கருவிகளை வந்த மாதிரியே கோத்துப் பார்த்தோம்; முதல் தட்டிலேயே வேலை செய்தது. அதோடு விட்டிருக்க வேண்டியதுதானே? எனக்கு ஒயர் அழகாக இருக்க வேண்டும். படகில் மாட்டுவதற்காக அங்கேயே, கேமராவுக்குச் செய்கிற மாதிரி எல்லாக் கருவிகளின் ஒயரையும் தனித்தனியாக நடுவில் ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்து முடிந்தேன். பழைய ஒயரின் இரண்டு முனையிலும் கட்டைவிரல் அளவில் ஒவ்வொரு மூடி இருந்தது. எதையும் இணைக்காத மூடி எதற்கு என்று கழற்றி, ஃப்ரிட்ஜ் மேல் ஒரு டம்ளரில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கண்மாயில் திரை என்னோடு விளையாடியது. ஆழம் வந்தால் இடம் காணோம். இடம் வந்தால் ஆழம் காணோம். பேட்டரியைத் திட்டினேன், தூத்துக்குடிக்காரனைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம்பி காலையிலிருந்தே ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தான். கருவியோடு வந்த குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தான். படித்துவிட்டு வேலை பார்க்கிறவள் இல்லை நான் என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

கரையில் அய்யனார் கோயிலில் பொங்கலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மைக் செட்டில் பாட்டு அலறியது. மாமனார் கரையோரம் வந்து நின்று, மிஷின் என்ன சொல்லுது மாப்ள என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்தான்.

"நாந்தான் ஒயரத் தப்பாக் கட்டிட்டேன் மாமா. செத்த நேரத்துல சரியாயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. தப்பே செய்யாத எனக்காக இவன் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தில்தான் தாளைப் பிடுங்கிப் படித்தேன்.

படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுபோயிற்று. நடு ஒயர் ஒரே நீளமாகப் போக வேண்டுமாம். கருவிகள் அதிலிருந்து குட்டிக் குட்டியாகக் கிளை பிரிய வேண்டுமாம். இரண்டு முனையிலும் மூடி கட்டாயமாம். ஒவ்வொரு மூடிக்குள்ளும் நூற்றிருபது ஓம் மின்தடை, அதுதான் ரெசிஸ்டர், ஒன்று இருக்கிறதாம், அது இல்லாவிட்டால் செய்தி முனையில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்புமாம். செய்தி போகிற இரண்டு ஒயருக்கு நடுவே மீட்டர் வைத்தால், இரண்டு மூடியும் சேர்ந்து அதில் பாதி, அறுபது காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. வைத்தேன். எண்ணே நிற்கவில்லை.

"மூடி எங்கக்கா?" என்றான் தம்பி.

"ஃப்ரிட்ஜ் மேல."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணி மூன்று. தல்லாகுளம் போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். படகைக் கரைக்குத் தள்ளச் சொன்னேன். முழங்கால் சேற்றில் இறங்கி, மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், நேரே மைக் செட்காரரிடம் ஓடினேன்.

"அண்ணே, செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஏதாச்சும் வச்சிருக்கீகளா?"

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். பாட்டை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் சைகையிலேயே பேசிக்கொண்டு அதற்குள் இருந்த சர்க்யூட் பலகையைத் துழாவினோம். பிரவுன், சிவப்பு, பிரவுன் பட்டை போட்ட நூற்றிருபது ஒன்று கிடைத்தது. இன்னொன்று இல்லை. நூறும் இருபத்திரண்டும் கிடைத்தன. ஒன்றின் வாலில் ஒன்றை முறுக்கினால் நூற்றிருபத்திரண்டு. போதும். அவரே சூடு வைத்துக் கழற்றிக் கொடுத்தார்.

என் அழகான பெட்டியை நானே பிய்த்தேன். முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே ஒயர், நடுவில் குட்டிக் கிளைகள், இரண்டு முனையிலும் ரெசிஸ்டர், மேலே கறுப்பு டேப். மீட்டரை வைத்தேன். அறுபது புள்ளி ஐந்து. பேட்டரியை இணைத்ததும் திரையில் இடமும் ஆழமும் ஒன்றாக வந்து நின்றன, அசையவில்லை. நான் குதித்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"உக்காருக்கா, முழுகப் போறோம்!" என்று தம்பி கத்தினான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு மூன்றாம் மடைக்கு மாமனாரையும் ஏற்றிக்கொண்டு போனோம். திரை மூன்றடி என்றது. அவர் நம்பவில்லை. மூங்கில் கழியை விட்டு அமுக்கினார். அது பாட்டுக்கு ஏழடி போயிற்று. பார்த்தியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். தம்பி பணிவாகச் சொன்னான்.

"கழிய வெளிய எடுத்துப் பாருங்க மாமா."

எடுத்தார். கழியின் அடியிலிருந்து நாலடி உயரத்துக்குக் கருஞ்சேறு அப்பியிருந்தது. அதற்கு மேலேதான் தண்ணீர் நனைத்த மூங்கில். அவர் அந்தச் சேற்றை விரலால் வழித்து வழித்துப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் கண்மாய் முழுக்கச் சுற்றி அளந்து முடித்தோம்.

சாயங்காலம் பொங்கல் வைத்ததும் பாட்டை நிறுத்தச் சொல்லி அவரே மைக்கைப் பிடித்தார். இம்புட்டு வருஷமா சேத்தைத் தண்ணின்னு எண்ணிட்டு இருந்திருக்கோம், தப்பு என்னோடதுதான், மூணாம் மடையில தோண்டட்டும் என்றார். கடைசியில் தம்பியைக் காட்டி, மாப்ள காலையில ஒயரத் தப்பாக் கட்டிட்டாரு, ஆனா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டாருல்ல என்று சிரித்தார். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த வயசில் அந்த மனிதர் ஊர் முன்னால் ஒத்துக்கொள்கிறார். நானோ பிறந்ததிலிருந்து இந்தத் தம்பியிடம் ஒரு தடவைகூடத் தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. போய் மைக்கை வாங்கினேன்.

"ஒயரத் தப்பாக் கட்டுனது நாந்தான். தம்பி காலையிலேயே படிக்கச் சொன்னான். நான் கேக்கல."

ஒலிபெருக்கி அதைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம்வரை கொண்டுபோயிற்று. மைக் செட்காரர் மெதுவாகச் சொன்னார்.

"மைக்கக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கக்கா, இரையுது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தான். அப்புறம் நிமிர்ந்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்று சைகை காட்டினான். நானும் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.