மூடிக்குள்ளிருந்து வந்த குரல்

நாலைந்து வருடம் முன்பு, ஆந்திராவில் பாகாலா பக்கம் ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்த புதிது. மழைக்காலம். சாரல் அடிக்கிறதென்று இரண்டாம் வகுப்புக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உடனே ஒரு சிறுமி தடித்த ஆண் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு வராண்டாவுக்கு ஓடிவந்தார்கள்.

"தெய்யம் பட்டிந்தி மேடம்!"

பேய் பிடித்துவிட்டதாம். வகுப்பாசிரியையே அவள் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். காளஹஸ்திக்குப் போய்ப் பரிகாரம் செய்யச் சொல்லி அம்மாவிடம் பேசப்போவதாகவும் சொன்னார்.

நான் அவளை என் அறைக்கு அழைத்து வந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். நன்றாகத்தான் விளையாடினாள். திடீரென்று ஒரு சின்னப் பொம்மையை பிஸ்கட் டின்னுக்குள் படுக்கவைத்து மூடியை அழுத்தினாள். கண் நிலைகுத்திப் போனது. அந்தக் குரல் வந்தது.

"சத்தம் வந்துச்சு, உள்ளயே சாவ வேண்டிதுதான்."

அந்தப் பிஞ்சுத் தொண்டையில் இத்தனை கரகரப்பு எப்படி வரும்? எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சமாளித்துக்கொண்டு, "உள்ள இருக்கிற பாப்பா என்ன பண்ணுது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

இப்போது அவளுடைய சொந்தக் குரல், கீச்சென்று. "அதுக்கு மூச்சு முட்டுது மேடம். சித்தப்பா டிரம்மு மேல குந்திக்கினு கீறாரு."

தலைமையாசிரியர் தயங்கினார். குடும்ப விஷயம், நமக்கெதுக்கு என்றார். அவர் மேசையிலிருந்தே குழந்தைகள் உதவி மையத்துக்குப் போன் செய்தேன்.

அப்பா இல்லாத பெண். அம்மாவுக்கு ரேணிகுண்டாவில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்து வரும்வரை வீட்டில் சித்தப்பாதான் துணை. கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்த அம்மா, நான் சொன்னதை நம்பவே இல்லை.

"இன்னா மேடம் இப்டி சொல்றீங்க? தன் புள்ளயாட்டம் பாத்துக்கினு கீறாரு."

அந்த நேரம் பார்த்து, மழைக்காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மகளின் வாயிலிருந்து மறுபடி அதே வார்த்தைகள், அதே கரகரப்பு. அம்மா ஓடிப்போய் மகளை வாரி அணைத்துக்கொண்டார்.

"அய்யோ, இது அவன் கொரலு மேடம்..."

சாயங்காலம் அதிகாரிகளோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் ஒரு காலி நீல டிரம். மூடியின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல்கள்.

சித்தப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. அம்மா மகளோடு புத்தூர் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வாராவாரம் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். பல மாதம் கழித்துத்தான் அந்தக் குரல் அவளை விட்டுப் போனது.

சில குழந்தைகளால் தங்கள் வலியைத் தங்கள் குரலில் சொல்ல முடிவதில்லை. எந்தக் குரலில் வந்தாலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்து கேட்பதுதான் என் வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.