பசியோடு இருக்கவேண்டிய பாத்தி

மூடியைப் பூட்டுவதற்கு முன் தவநாயகி போத்திலை ஒருதரம் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார். கம்பனி கொடுத்த கைநூலில் அப்படிச் செய்யச் சொல்லி எங்கும் இல்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்லப் பரிசோதனைக்கூடத்தில் பெரிய கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் மணப்பார். பிறகு மழைக்கோட்டுக்குள் நனையாமல் வைத்திருக்கும் தாளை எடுத்து, குறிப்புப் பகுதியில் பென்சிலால் எழுதுவார். ஒருநாள் பெற்றோல் மணம், இன்னொரு நாள் மண் மணம், சில நாள் ஒன்றுமில்லை.

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீதியில், இரண்டு கார் நிற்கும் இடத்தைத் தோண்டி கவுன்சில் ஒரு பாத்தி போட்டிருக்கிறது. மேலே கோரைப் புல்லும் ஊதாப் பூக்களும். கீழே மணல், சரளை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குழாய். வீதியில் ஓடும் மழைத்தண்ணீர் ஓரக்கல்லில் விட்ட இடைவெளியால் உள்ளே புகுந்து, மணலுக்குள்ளால் வடிந்து, குழாயால் வெளியேறும். வடியும்போது அழுக்கை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வளவை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்ப்பதுதான் தவநாயகியின் வேலை. உள்ளே போகிற தண்ணீரில் ஒரு போத்தில், வெளியே வருகிற தண்ணீரில் ஒரு போத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டு, கவுன்சில் அந்தப் பாத்திக்குக் 'கிரெடிட்' கொடுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புள்ளி போடுகிற மாதிரித்தான்.

தானாகவே தண்ணீர் எடுக்கும் பெட்டி ஒன்றை முதலில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பெட்டியைக் காணவில்லை. அதன் பிறகுதான் ஐம்பத்துநான்கு வயதுத் தவநாயகியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவரை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

எல்லா மழையும் அவருக்கு ஆகாது. மூன்று நாளாவது வீதி காய்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிற முதல் மழையாக இருக்க வேண்டும். அப்படியான மழைக்கு நேரம் காலம் தெரியாது. ஒருதரம் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டார். அவரை இன்னும் சொந்தக்காரர், "மழை வருதெண்டு எழும்பிப் போன மனிசி" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். காரின் பின்பெட்டியில் எந்நேரமும் ரப்பர் பூட்ஸும் நீலநிற ஐஸ்பெட்டியும் கிடக்கும். பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருக்கிறதா என்று கேட்காத குழந்தையே சொந்தத்தில் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் போத்தில்களைத் தொட அவர் ஒருவரையும் விடமாட்டார்.

பாத்திக்கு நேரெதிர் வீடு பியற்றிஸுடையது. யாழ்ப்பாணத்துக் குருநகரில், மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவர், தவநாயகியை விட எட்டு வயது மூப்பு. பாத்தி ஓரத்தில் வானத்தைப் பார்த்தபடி நின்ற தவநாயகியை அவர்தான் முதலில் கூப்பிட்டார். "என்ன பிள்ளை, உதிலை நிண்டு காயுறீர்? உள்ளை வந்து இரும். மழை வராட்டிலும் தேத்தண்ணி வரும்." அன்றிலிருந்து தவநாயகி மழைக்குக் காத்திருப்பது பியற்றிஸின் முன்னறை யன்னலடியில்தான். அந்த அறையின் காப்பெற் விரிப்பு இரண்டுதரம் வீதித் தண்ணீரில் ஊறிப்போனது. ஒன்பது மழையில் இந்தப் பாத்தி தேறினால், வீதி நீளத்துக்கு இன்னும் பதினொரு பாத்தி போடுவார்கள், வீட்டுக்குள் வரும் தண்ணீர் நிற்கும். தேறாவிட்டால் இதையும் தார் போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே பியற்றிஸுக்கும் அந்தக் கிரெடிட்டில் தவநாயகிக்குக் குறையாத அக்கறை.

தேறுவதில் கடினமானது பொஸ்பரஸ். வயலில் இருந்தால் உரம், ஆற்றுக்குப் போனால் பாசியை வளர்த்து மீனைச் சாகடிக்கும். ஒன்பது மழையின் சராசரியில் அதில் பாதியையாவது பாத்தி பிடித்து வைக்கவேண்டும். முதல் ஏழு மழையிலும் சராசரி அறுபத்தாறு. தவநாயகிக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியில் காட்டவில்லை. பிறகு யூலை வந்தது, ஐந்து கிழமை ஒரு துளி இல்லை, பூக்கள் தலையைத் தொங்கப்போட்டன. "கண்டுகள் செத்தால் கதை முடிஞ்சுது அக்கா" என்று யன்னலடியில் இருந்து ஒருநாள் வாய்விட்டார்.

எட்டாவது மழை ஓகஸ்டில் பெய்தது. குழாய்த் தண்ணீரை மணந்த தவநாயகி இரண்டாம் முறையும் மணந்தார். மீன் மணம் என்று எழுதினார். முடிவு வந்தபோது மைனஸ் முப்பது. அதாவது உள்ளே போனதை விட வெளியே வந்த பொஸ்பரஸ் கூட. லண்டன் வீதியில் மீன் எங்கிருந்து வந்தது என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தேநீரும் கையுமாக யன்னலடியில் இருந்தபோது, பியற்றிஸ் குசினியிலிருந்து தண்ணீர் நிறைந்த பேசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, வீதியைக் கடந்து, பூக்கண்டுகளின் அடியில் பக்குவமாக ஊற்றிவிட்டு வந்தார்.

"அக்கா, என்ன ஊத்தினனீங்கள்?"

"மீன் கழுவின தண்ணி. யூலையிலை இருந்து வெள்ளிக்கு வெள்ளி ஊத்துறன். நீர்தானே கண்டுகள் சாகப்போகுது எண்டு அந்தரப்பட்டனீர். இப்ப பாரும், எப்பிடி நிமிந்து நிக்குது."

தவநாயகிக்குக் கோபம் வரவேண்டிய இடம். அழுகைதான் வந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உந்தப் பாத்தி பசியோடை கிடக்கவேணும் அக்கா. அப்பதான் றோட்டாலை வாறதைப் பிடிச்சு வைக்கும். நீங்கள் வயிறு முட்டக் குடுத்தால் அது மிச்சத்தைக் கீழை விட்டிடும்."

பியற்றிஸ் வெறும் பேசினோடு கதிரையில் இருந்துவிட்டார். "என்ரை பேரை எழுதப்போறீரோ?"

"பேர் கேக்கிற கட்டம் அந்தத் தாளிலை இல்லை."

தவநாயகி காரணத்தை மட்டும் எழுதிக் கம்பனிக்கு அனுப்பினார். பாத்தியை வடிவமைத்த எஞ்சினியர் ரதீசன் உடனே போன் எடுத்தான். "அன்ரி, காரணம் தெரிஞ்சிட்டுதே. எட்டாவதைத் தூக்கிப்போட்டு வேறை ஒரு மழையைப் பிடிப்பம். ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"சனம் இருக்கிற றோட்டு தம்பி. நாளைக்கும் ஆரும் எதையும் ஊத்துவினம். அதையும் சேர்த்துத்தான் புள்ளி. எட்டை விட்டிட்டு எண்ண எனக்கு ஏலாது."

அப்படியென்றால், சராசரி ஐம்பதைத் தொட ஒன்பதாவது மழை பதினெட்டுக்குக் கீழே போகக்கூடாது. ரதீசன் கணக்குப் பார்த்துச் சொன்னான், தவநாயகி அதற்கு முன்பே பார்த்துவிட்டார். மண்ணுக்குள் போனது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. பியற்றிஸ் மீன் கழுவின தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றத் தொடங்கினார். தவநாயகியைக் காணும் போதெல்லாம், "மீன் மணம் போயிருக்குமே பிள்ளை?" என்று கேட்பார். தெரியாது என்றுதான் பதில் வரும்.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. மனோர் பார்க்கில் ஒரு கலியாண வீட்டிலிருந்து வந்து இறங்கிய தவநாயகி, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, பூட்ஸைப் போட்டுக்கொண்டு குழாய்க் குழிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். பியற்றிஸ் குடையோடு ஓடி வந்து அதைத் தவநாயகியின் தலைக்கு மேல் பிடிக்க, "எனக்கில்லை அக்கா, போத்திலுக்கு" என்றார். மேலிருந்து விழும் மழை உள்ளே கலக்கக் கூடாது. குடை போத்திலின் வாய்க்கு மேல் வந்து நின்றது. இரண்டு பேரும் நனைந்தார்கள்.

போத்தில் நிறைந்தது. தவநாயகி மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மணந்தார். பியற்றிஸ் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார்.

தவநாயகி மூடியைப் பூட்டவில்லை, பென்சிலையும் எடுக்கவில்லை. போத்திலை இரண்டு கையாலும் பிடித்து, குடைக்குக் கீழாலேயே கொண்டுபோய், பியற்றிஸின் மூக்கடியில் நீட்டினார். "போயிட்டுதோ எண்டு நீங்களே மணந்து பாருங்கோ அக்கா."