முகமா, புடவையா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் பெண் பார்த்தார்கள்.

பதற வேண்டாம். பெண் என்னுடையவள் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும்தான் என்னுடையது.

ஆரணியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறவர் தண்டபாணி. அவர் மகள் மலர் எம்.சி.ஏ. முடித்தவள். மாப்பிள்ளைப் பையனுக்குப் போளூர், வேலை சிங்கப்பூரில். லீவு கிடைக்கவில்லையாம். அவனுடைய அம்மாவும் மகனுக்குச் சமைத்துப் போட அங்கேதான் போயிருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ பிடித்துவிட்டது. பாக்கி, பெண் பார்ப்பதுதான். ‘கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாமே’ என்று பையன் சொல்லிவிட்டான். அக்கம்பக்கத்தில் வெப் கேமரா வாங்கி வைத்திருக்கும் ஒரே ஆசாமி நான். வேறெங்கே போவார்கள்?

பட்டு கசங்கக் கூடாதென்று இரண்டு தெரு தூரத்துக்கு ஆட்டோ பிடித்து வந்தார்கள். திரும்பிப் போகவும் வேண்டுமே... ஆட்டோ வாசலிலேயே காத்திருந்தது.

மலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அரக்கு நிறப் பட்டு, முழங்கை அகலத்துக்கு ஜரிகை பார்டர். தண்டபாணி தானே டிசைன் சொல்லித் தறியில் போட்ட புடவை. திரையில் அது தகதகவென்று மின்னியது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் – ஒரு நிழல்.

“போட்டோல பளிச்சுனு இருந்துச்சே பொண்ணு,” என்றார் சிங்கப்பூர் அம்மா. “நேர்ல கறுப்போ?”

எனக்கு எரிச்சலாக வந்தது. கறுப்பாக இருந்தால்தான் என்ன? ஆனால் மலரின் முகம் வாடிவிட்டது. அவள் அந்தப் பையனோடு போனில் இரண்டு முறை பேசியிருக்கிறாள், அவளுக்குப் பிடித்திருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“வெளிச்சம் பத்தலை” என்று நான் நிபுணன் மாதிரி சொல்லிவிட்டு டேபிள் லைட்டைக் கொண்டுவந்து வைத்தேன். ஜரிகை இன்னும் ஜொலித்தது. முகம் இன்னும் இருண்டது.

தண்டபாணிக்கு வேறு யோசனை. “லைட் கலரா கட்டுனா மூஞ்சும் லைட்டா தெரியும் சார். ஜல்தியா மாத்திகினு வந்துடும்மா.” மலர் உள்ளே போய், கையோடு கொண்டுவந்திருந்த மாம்பழ மஞ்சளில் வந்தாள். உடம்பு பூராவும் ஜரிகைப் புட்டா. இப்போது திரையில் புடவை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

“ஜரிகையே இல்லாம ஒண்ணு கட்டிப் பாக்கலாமே,” என்றாள் என் மனைவி. தண்டபாணி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் காபி போடப் போய்விட்டாள்.

நான் மௌஸை வைத்துக்கொண்டு எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன். எம்.சி.ஏ. படித்தவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் பெண் பார்க்கும்போது பெண் மௌஸைத் தொடலாமா? “நீ குனிஞ்சுகினு உக்காரு,” என்று அவள் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மலர் குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

“அங்கிள்... ஆட்டோவ எடுத்துடுங்க.”

அடுத்த நொடி தண்டபாணி வாசலுக்கு ஓடினார். “யோவ், நீ கெளம்புப்பா. உன்னாலதான் உள்ள பேஜாரா இருக்குது.” ஆட்டோ போய்விட்டது.

மலர் சிரித்துவிட்டாள். அம்மா தொடையில் கிள்ளினார். அவள் கேட்கவில்லை, கையை நீட்டி மௌஸை வாங்கிக்கொண்டாள். செட்டிங்ஸுக்குள் போய், எக்ஸ்போஷர் என்கிற இடத்தில் ‘ஆட்டோ’வுக்குப் பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். அதற்குக் கீழே ஒரு கோட்டில் இருந்த குமிழை மெதுவாக வலது பக்கம் இழுத்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஆட்டோவில் விட்டால், எதிரே எது அதிகமாக மின்னுகிறதோ அதைப் பார்த்துக் கேமரா கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் இருட்டு. பாவம், அது மெஷின்... கல்யாண வீடுகளில் நாம் மட்டும் என்ன செய்கிறோம்?

முகம் வந்தது. மூக்குத்தி, புருவத்தில் சின்னத் தழும்பு, அடக்கிய சிரிப்பு – எல்லாம் வந்தது. புடவைதான் போய்விட்டது. ஜரிகை, புட்டா, மாம்பழ மஞ்சள் எதுவும் இல்லை. வெளுத்த வேட்டி மாதிரி ஏதோ தெரிந்தது.

“ஐயையோ, பொடவ எங்க போச்சு?” என்றார் தண்டபாணி. “கொஞ்சம் கொறம்மா.”

குறைத்தாள். புடவை வந்தது, முகம் போனது. கூட்டினாள். முகம் வந்தது, புடவை போனது.

“ரெண்டும் தெரியற மாதிரி நடுவுல எங்கனா நிறுத்தேன்.”

அப்படி ஓர் இடம் அந்தக் கேமராவில் இல்லை.

“இன்னாங்க, அங்க கரண்ட் போயிப் போயி வருதா?” என்றார் சிங்கப்பூர் அம்மா.

மலர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “மூஞ்சா, பொடவையா? ஒண்ணு சொல்லுப்பா.”

வேறு ஊராக இருந்தால் இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் தண்டபாணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை, பாவமாக இருந்தது.

“மூஞ்சே இருக்கட்டும்மா,” என்றார் கடைசியில்.

மலர் திரையின் பக்கம் திரும்பினாள். இதில் நாங்கள் யாருமே கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பக்கம் பையன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முகமும் இருட்டுதான். ‘பையன் கறுப்போ’ என்று இங்கே யாராவது கேட்டோமா?

“உங்களுக்குப் பின்னாடி இருக்கற ஜன்னல் ஸ்கிரீனைக் கொஞ்சம் மூடறீங்களா?” என்றாள் மலர், நிமிர்ந்து. “நானும் உங்களைப் பாக்கணும்ல?”

இங்கே அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அங்கே அவன் அம்மா வாயைத் திறந்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் பையன் எழுந்து போய் ஸ்கிரீனை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். நல்ல மாநிறம். காது வரைக்கும் சிரிப்பு.

“இப்ப தெரியறனா?”

“தெரியறீங்க.”

வைகாசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவையில் ஜரிகை கொஞ்சம் கம்மியாகவே இருக்கட்டும் என்று தண்டபாணி தறிக்காரரிடம் சொல்லிவிட்டாராம். ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி இப்படிச் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.