நெற்றியைத் துடைத்த பள்ளிக்கூடம்

1. கதவருகே ஒரு பெட்டி

அந்தத் திங்கட்கிழமை காலை நான் வகுப்புக்குப் போனபோது, தர்ஷினி கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. அவள் அம்மா தினமும் குளிப்பாட்டிப் பூசி அனுப்பும் திருநீறு நெற்றியில் இல்லை. அழுத்தித் துடைத்த இடம் சிவந்து கிடந்தது. கதவருகே புதிதாக ஒரு வெட் டிஷ்யூ பெட்டியும் குப்பைக்கூடையும் வைக்கப்பட்டிருந்தன.

மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் நடத்திய பாலர் பள்ளி அது. ஊரார் தாடிக்கா என்பார்கள். என் உத்தியோகக் காலம் முழுவதும் அங்கேதான் கழிந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு மேற்பார்வைக்கு வந்தவர் பிலோமினா மேடம். நேரே அவரிடம் போனேன்.

"மேடம், பிள்ளை நெத்தியைத் துடைச்சது யாரு?"

"நான்தான். இது கேத்தலிக் ஸ்கூல் டீச்சர், நமக்குன்னு ஒரு ஐடென்டிட்டி வேணாமா? நெத்தியில என்ன இருந்தாலும் துடைச்சிட்டுத்தான் உள்ள வரணும். இனிமே அதான் ரூல்."

"நானும் கேத்தலிக்தான். நம்ம பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல எஸ்டேட்டு, ஃபேக்டரி வேலைக்குப் போற இந்துக்காரங்க பிள்ளைங்க. நம்மள நம்பித்தானே அனுப்புறாங்க?"

"பிடிக்கலைன்னா வேற தாடிக்கா பார்க்கட்டும் லா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில், 'பிறரை மதிப்போம்' என்று வண்ணத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டியிருந்தது. அந்த மாத நன்னெறிப் பாடம் அதுதான். ஒட்டியவரும் அவர்தான்.

பங்கு ஃபாதரிடம் போய் முறையிட்டேன். "கொஞ்சம் பொறுமையா இருங்க டீச்சர், அவங்க புதுசு" என்றார். பொறுமையாக இருக்கவேண்டியது ஐந்து வயதுப் பிள்ளையா ஃபாதர் என்று கேட்டேன்.

2. சரசு கேட்ட கேள்வி

மறுநாள் மாலை தர்ஷினியின் அம்மா சரசு, ஃபேக்டரிச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, 'அம்மா, நம்ம சாமி அழுக்கா'ன்னு கேக்குறா இவ. நான் என்ன சொல்லட்டும்?"

அவளே முடிவும் சொன்னாள்.

"இந்த வாரத்தோட நிப்பாட்டிடுறேன் அக்கா."

அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்துத் தாடிக்காக்கள் மதியத்தோடு மூடிவிடும். ஷிஃப்ட் முடியும்வரை பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் பள்ளி ஒன்றுதான். பிள்ளையை நிறுத்தினால் சரசுவும் வேலையை விடவேண்டும்.

இத்தனைக்கும் எங்கள் சாப்பாட்டு ஜெபத்தை அந்த வகுப்பிலேயே தெளிவாகச் சொல்பவள் தர்ஷினி. கை கூப்பாத பிள்ளைகளை முழங்கையால் இடிப்பாள். "சாமிக்கு நன்றி சொல்றது நல்லதுதானே அக்கா" என்று சரசு சந்தோஷப்பட்டிருக்கிறாள். எங்கள் ஜெபத்தைத் தன் மகள் வாயில் ஏற்றுக்கொண்டவளின் திருநீற்றை நாங்கள் குப்பைக்கூடையில் போட்டோம். இதற்குப் பெயர் விசுவாசமாம்!

3. புதன்கிழமை

அடுத்த நாள் திருநீற்றுப் புதன். எங்கள் தவக்காலம் தொடங்கும் நாள். காலைப் பூசையில் ஃபாதர் சாம்பல் எடுத்து எங்கள் நெற்றியில் சிலுவை இடுவார், நாங்களாக அதை அழிக்கமாட்டோம். மேடம் எனக்கு முன்வரிசையில் இருந்தார். சாம்பலோடு பூசை முடிந்து நேரே பள்ளிக்கு வந்தோம்.

தர்ஷினி வெறும் நெற்றியோடு கதவருகே நின்றிருந்தாள். பிள்ளை மறுபடி அழவேண்டாம் என்று சரசு பூசாமலே அனுப்பியிருந்தாள். எங்கள் நெற்றியைப் பார்த்ததும் தர்ஷினியின் முகம் மாறியது. பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டு மேடத்திடம் ஓடினாள்.

"டீச்சர், குனிங்க. துடைச்சி விடுறேன்."

"வேணாம்மா. இது... சாமிக்காகப் போட்டது."

"துடைக்கலைன்னா உள்ள விட மாட்டாங்க டீச்சர். நான் மெதுவா துடைக்கிறேன், வலிக்காது."

மேடம் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். நான் உதவிக்குப் போகவில்லை, போகக்கூடாது என்றே நின்றேன். கடைசியில் அவர் பிள்ளையின் கையிலிருந்த டிஷ்யூவை வாங்கி மடக்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார்.

"ரூலை எடுத்துடலாம் டீச்சர்" என்றார் பிறகு.

"அது போதாது மேடம். சாயங்காலம் அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லணும்."

"நானா?"

"துடைச்சது நீங்கதானே?"

மாலையில் வாசலில் நின்று சொன்னார். "நான் செஞ்சது தப்பும்மா, மன்னிச்சிடுங்க." சரசு அவர் நெற்றியிலிருந்த சாம்பலைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மகளுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டபடி, "நாளைக்குத் திருநீறு பூசிக்கிட்டு ஸ்கூலுக்கு வரலாம், சரியா?" என்றாள்.

மேடத்தின் தாழ்மையைப் பங்கில் பலரும் புகழ்ந்தார்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஃபாதரும் நானும் இத்தனை பெரியவர்களும் இருந்தும், ஒரு குழந்தை டிஷ்யூ எடுக்கும்வரை அந்தப் பெட்டி அங்கேதானே இருந்தது?

இந்த வேலைக்கு வரும் இளம் ஆசிரியைகளே, ஜெபம் சொல்லிக்கொடுங்கள், நன்னெறி சொல்லிக்கொடுங்கள். பிள்ளையின் நெற்றியில் மட்டும் கை வைக்காதீர்கள். 'மெதுவா துடைக்கிறேன், வலிக்காது' என்றாளே தர்ஷினி, அப்படியென்றால் திங்கட்கிழமை அவளுக்கு வலித்திருக்கிறது.