வெண்டல் சொல்லாமல் போன நாள்

எங்கள் ஆல்டர்ஸ்பர்க் தீயணைப்பு நிலையத்தில் ஒரு ஷிஃப்டுக்குச் சம்பளக்காரர்கள் இரண்டே பேர். வண்டி ஓட்டுவது நான், குழாயைப் பிடிப்பது கர்ட் லாண்டிஸ். மற்றவர்களெல்லாம் தன்னார்வலர்கள். பேஜர் கத்தினால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய நாங்கள் அவர்களைக் கிண்டல் செய்வோம். அதில் கர்ட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் வாயில் அதிகம் மாட்டியவன் வெண்டல் கோவாச். பேரங்காடியில் இறைச்சி வெட்டுபவன், நல்ல பருமன்.

"என்னடா வெண்டல், தீய அணைக்க வந்தியா, கறி சுட வந்தியா?"

"உன்னத் திருப்பிப் போடுற நேரம் வந்தா சொல்றேன், கர்ட்."

இப்படியே இருபது வருடம் ஓட்டினார்கள். வெண்டலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நன்றி தெரிவிக்கும் நாளன்று கர்ட் வீட்டு வான்கோழியை வெட்டிக் கொடுப்பது அவன்தான்.

மார்ச்சில் மரச்சாமான் கடை ஒன்று பற்றிக்கொண்டது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எரியும் கட்டடத்துக்குள் போகிறவன் தன் பெயர் வில்லையை வண்டியில் உள்ள வளையத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்டல் மாட்டினான், போனான், வந்தான். அப்போது பேரங்காடி மேலாளர் போனில் கத்தினார்: இப்போதே வராவிட்டால் இனி வரவே வேண்டாம். அலறிப் புடைத்துக்கொண்டு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். வில்லையை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சம்பளம் வாங்குகிறவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, அவனுக்குப் பாதியில் ஓட வேறு வேலை ஏது?

புகை கறுத்ததும் கேப்டன் எல்லோரையும் வெளியே அழைத்தார். வளையத்தில் ஒரு வில்லை மிச்சம்.

"அந்தத் தடியன் உள்ள இருக்கான் கேப்டன்!" என்று கர்ட் கத்தினான். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே, இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு உள்ளே ஓடினான். பம்பை விட்டு நகர முடியாமல் நான் நின்றேன். மாடித் தளம் கர்ட்டோடு இடிந்து விழுந்தது; கூடப் போனவன் தப்பித்துக்கொண்டான். அந்த நேரத்தில் வெண்டல் யாருக்கோ பன்றிக் கறி எடை போட்டுக்கொண்டிருந்தான்.

கர்ட்டுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போயிற்று. மருத்துவமனை வாசலில் வெண்டல் வந்து நிற்பான். "அவன உள்ள விடாதீங்க" என்பான் கர்ட். பிறகு வெண்டல் பேஜருக்கும் வருவதை நிறுத்திவிட்டான். எனக்கும் அவன்மேல் கோபம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வெண்டலின் வற்றிப்போன முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வராது.

அக்டோபரில் ஒரு நண்பகல். கட்டிலிலிருந்து விழுந்த ஒருவரைத் தூக்கிவிட வேண்டும் என்று அழைப்பு. எங்களுக்கு வாராவாரம் வருகிற வேலைதான். ஆனால் பேஜர் சொன்னது கர்ட்டின் முகவரி. கர்ட்டின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, நிலையத்தில் நான் மட்டும். வேலை நாள், தன்னார்வலர் யாரும் வரவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் வெண்டல் நின்றுகொண்டிருந்தான், இடுப்பில் இறைச்சிக்கடைத் துணியோடு, கையில் பழைய பேஜரோடு.

கர்ட்டின் மனைவி ஜனீன் கதவைத் திறந்தாள். தரையில் கிடந்த கர்ட் வெண்டலைப் பார்த்தான்.

"இவன் வேணாம். வேற ஆள வரச் சொல்லு."

"வேற யாரும் இல்லடா. என் ஒருத்தனால முடியாது" என்றேன்.

"அப்போ கிடக்கறேன்."

கிடந்தான். ஜனீன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் காதில் பட்டும் படாததுமாக, அவன் கால்சட்டை நனைந்திருப்பதாகச் சொன்னாள். கர்ட் கண்ணை இறுக மூடினான்.

"சரி. தூக்குங்கடா."

வெண்டல் தலைப்பக்கம் பிடித்தான். பிடி நழுவவில்லை. கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்து விட்டோம். நான் வாசல் வரை வந்துவிட்டேன். வெண்டல் வரவில்லை.

"கர்ட்," என்றான். "நான் கிளம்பறேன். கிளம்பட்டுமா?"

கர்ட் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கர்ட், சொல்லு. போகட்டுமா?"

நான் நிலையத்துக்குத் திரும்பினேன். சாயங்காலம் ஜனீன் போன் செய்தாள். வெண்டல் இன்னும் அங்கேயே நிற்கிறானாம்.